சுவரைச் சுற்றி ஒரு கிலோமீட்டர்

ஜேன் ஜேக்கப்ஸின் ‘த டெத் அண்ட் லைஃப் ஆஃப் கிரேட் அமெரிக்கன் சிட்டீஸ்’ (1961) நூலைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் நடைபாதை அத்தியாயங்களோடு நின்றுவிடுகிறார்கள். தெருவைப் பார்த்திருக்கும் கடைக்காரர், வீட்டுக்காரர் கண்களே தெருவுக்குக் காவல் என்ற வாதம் அவ்வளவு பிரபலம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சிறிய ஒன்பதாம் அத்தியாயம்.

அதில் மன்ஹாட்டனின் மேற்கு 88ஆம் தெருவை எடுத்துக்கொள்கிறார். 800 அடிக்குக் குறுக்குச் சந்தே கிடையாது. அங்கே குடியிருப்பவர் தன் தெருவிலேயே போய், தன் தெருவிலேயே திரும்புவார். பக்கத்துத் தெருவுக்குள் நுழையக் காரணமே இருக்காது. நடுவே ஒரு குறுக்குத்தெரு வந்தால் வழிகள் பெருகும், கடைகள் வரும் என்கிறார்.

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் நடந்தவர்களுக்கு இது புரியும். பழைய மகாபலிபுரம் சாலையிலோ கதை வேறு. அடுக்ககங்களில் ஜன நெருக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் பல இடங்களில் ஒரே ஒரு கேட். பின்சுவருக்கு அந்தப் பக்கம் மளிகைக்கடை இருக்கும். போக வேண்டுமென்றால் முன்வாசலில் இறங்கி, நடைபாதையில்லாத சாலையில், ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். “ரெண்டு பாக்கெட் பால் வாங்கக் காரா?” என்று கேட்பது சுலபம். அதே மனிதர்தான் சாயங்காலம் சுவருக்குள் எட்டு ரவுண்டு நடக்கிறார். “நம்ம ஜனங்களுக்கு உடம்பு வணங்காது சார்” என்ற பேச்சு இங்கே எடுபடாது. கால் இருக்கிறது, வழி இல்லை.

ஜேக்கப்ஸிடம் நான் குறையாகக் காண்பது இங்கேதான். வேலியடைத்த குடியிருப்புகளை அவரும் கண்டித்திருக்கிறார். ஆனால் நூல் முழுக்க அவர் மல்லுக்கு நிற்பது திட்டமிடும் நிபுணர்களோடு, வீடு வாங்குபவரோடு அல்ல. இங்கே பின்பக்கம் ஒரு சின்ன கேட் வைக்கலாமே என்றால் முதலில் எதிர்ப்பவர்கள் குடியிருப்பவர்களே: “கண்டவனும் உள்ளே வருவான்!” சுவர் எழும்பியதும் வெளியே சாலையைப் பார்க்கக் கண்ணில்லை, சாலை பயமாகிறது, பயம் சுவரை இன்னும் உயர்த்தச் சொல்கிறது.

2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது, நல்ல காரியம். ஆனால் தி. நகரில் சந்துகள் முன்பே இருந்தன. சுவர் சூழ்ந்த இடத்தில் நடைபாதை மட்டும் போட்டால் சுற்றுவழி சுற்றுவழிதான். கார் இருப்பவருக்கு அது ஐந்து நிமிஷம். வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் அதைத் தினமும் இரண்டு தடவை, வெயிலில், லாரிகளுக்குப் பக்கத்தில் நடக்கிறார்கள்.