படைப்புத் தனித்தொழில்: இந்திய வழக்கும் இலங்கை வழக்கும்

மாதச் சம்பளத்துக்கு அமராமல், அட்டைப்பட ஓவியம், புகைப்படம், மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம் போன்ற பணிகளை ஒவ்வொன்றாகப் பேசி முடித்து ஊதியம் பெறுவதே படைப்புத் தனித்தொழில் ஆகும். இத்தொழிலுக்குப் புதிதாக வருவோருக்கென எழுதப்படும் கையேடுகளில் பல, மேலைநாட்டுச் சட்டத்தையும் வங்கி முறையையும் அடிப்படையாகக் கொண்டவை. தனக்கென ஒரு பாணியை வளர்த்துக்கொள்வது, மாதிரித் தொகுப்பைத் திருத்தமாக வைத்திருப்பது முதலிய அறிவுரைகள் எங்கும் பொருந்தக்கூடியவையே. எனினும், செய்த வேலை யாருக்குச் சொந்தம், அதற்கான பணம் எந்த வழியில் கைக்கு வரும் என்னும் இரு கேள்விகளுக்குச் சென்னையில் சொல்லப்படும் விடை யாழ்ப்பாணத்தில் செல்லாது.

முதற்கேள்வியை எடுத்துக்கொண்டால், இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படைத்தவரையே முதல் உரிமையாளராகக் கொண்டாலும், அதன் 17ஆம் பிரிவு ஒரு முக்கியமான விலக்கை வைத்திருக்கிறது. மாறான உடன்பாடு இல்லாதபோது, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், தீட்டச் சொன்ன ஓவியம் ஆகியவற்றின் முதல் உரிமை அப்பணத்தைக் கொடுத்தவரையே சேரும் என்பதே அவ்விலக்கு. ஆகவே, ஒரு பதிப்பகத்துக்காகத் தீட்டிய ஓவியம் பின்னாளில் நாட்காட்டியிலோ சுவரொட்டியிலோ அச்சேறினாலும், முன்கூட்டி எதையும் பேசிவைக்காத ஓவியர் கூடுதல் தொகை கேட்க வழியில்லை. அதே பதிப்பகத்துக்கு அதே மாதத்தில் வேலை செய்த மொழிபெயர்ப்பாளர் இவ்விலக்கில் சிக்குவதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமோ, சம்பளத்துக்கு வேலை செய்பவரின் படைப்பை முதலாளிக்கு உரியதாக்குகிறதே தவிர, கேட்டுச் செய்வித்த படத்துக்கு இத்தகைய விலக்கு எதையும் வைக்கவில்லை. இதனால் பொருளாதார உரிமைகள், அதாவது படைப்பைப் படியெடுக்கவும் விற்கவும் தழுவவும் உள்ள உரிமைகள், படம் எடுத்தவரிடமே நிற்கின்றன. சட்டத்தின் வாசகத்தில் தீவுக் கலைஞர் ஒரு படி மேலே இருக்கிறார் என்று சொல்லலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு குரல்பதிவே ஒப்பந்தமாகிவிடும் சூழலில், தன்னிடம் அந்த உரிமை இருப்பதே அவருக்குத் தெரியாமல் போவதுண்டு. உரிமையை மாற்றிக்கொடுக்கக் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும் என்பதில் இரு நாட்டுச் சட்டங்களும் ஒன்றுபடுகின்றன. இந்தியச் சட்டம் இன்னும் ஓர் அடி சென்று, அந்த எழுத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்கிறது.

பணம் வரும் வழியில் வேறுபாடு இன்னும் பெரிது. இந்தியாவில் உள்நாட்டுச் சந்தையே அகன்றது என்பதால் தனித்தொழிலாளருக்கு வேலை கொடுப்போர் பெரும்பாலும் உள்ளூர் நிறுவனங்களே. அவை ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்னும் மூலவரியாகப் பிடித்துக்கொண்டே பணம் தருகின்றன. 60,000 ரூபாய்க்குப் பில் கொடுத்தவரின் கணக்கில் 54,000 ரூபாய் வந்து சேர, மீதி 6,000 ரூபாய் அவருடைய நிரந்தரக் கணக்கு எண்ணின் பெயரில் 26ஏஎஸ் படிவத்தில் பதிவாகிறது. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் அதில் திரும்ப வேண்டியது திரும்பும். வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லை என்று தாக்கல் செய்யாமல் இருப்போர் தம் பணத்தைத் தாமே விட்டுவிடுகின்றனர். தாமதமாகப் பணம் தருவோருக்கு எதிராக 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் உண்டு: குறு அல்லது சிறு நிறுவனமாக அரசின் உத்யம் பதிவு பெற்றவருக்கு, எழுத்து உடன்பாடு இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி சேரும். அடுத்த வேலை கிடைக்காமல் போகுமே என்ற அச்சத்தில் இவ்வட்டியைக் கேட்கத் துணிவோர் குறைவு என்பது வேறு விஷயம்.

இலங்கையில் உள்நாட்டுச் சந்தை சிறியது. தமிழ்ச் சந்தை அதனினும் சிறியது. எனவே வடிவமைப்பாளர் இணையவழி வெளிநாட்டு வாடிக்கையாளரையோ, கனடாவிலும் இலண்டனிலும் வாழும் உறவினர் வழியாக வரும் சாமத்திய வீட்டு (பூப்புனித நீராட்டு விழா) அழைப்பிதழ், திருமண ஆல்பம் போன்ற வேலைகளையோ நம்புகிறார். பேபால் வழியாகப் பணம் செலுத்தலாம், பெற முடியாது என்ற நிலை அங்கு நெடுங்காலம் நீடித்ததால், பயோனியர் போன்ற இடைத்தரகு நிறுவனங்களின் மூலம் டாலரைப் பெற்று வங்கிக்கு மாற்றுவதே வழக்கமாயிற்று. 2022இல் டாலரின் விலை சில வாரங்களிலேயே 200 ரூபாயளவிலிருந்து 350 ரூபாய்க்கு மேல் ஏறியபோது, டாலரில் ஊதியம் பெற்ற இவர்கள் சம்பளக்காரரைவிடத் தாக்குப்பிடித்தனர். ஆனால் அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்ட மின்வெட்டு, குறித்த நேரத்தில் வேலையை ஒப்படைக்க விடவில்லை, வாடிக்கையாளர் இடும் மதிப்பெண்ணோ காரணம் கேட்பதில்லை. வங்கி வழியாக வந்த அந்நியச் செலாவணிச் சேவை வருமானத்துக்கு இருந்த வரிவிலக்கு 2025 மார்ச் 31உடன் முடிந்து, ஏப்ரல் முதல் உச்சமாக 15 சதவீத வரி விதிக்கப்படுவதால், பழைய கையேட்டைப் பார்த்துக் கணக்கு வைக்காமல் இருப்பவர் இப்போது இடர்ப்பட நேரும்.

வேலை தேடும் முறையில் சொல்ல வேண்டியது அதிகமில்லை. சென்னைத் திரைத்துறையில் பெப்சி எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தைச் சேர்ந்த சங்கங்களின் உறுப்பினர் அட்டையே பல பணிகளுக்கு நுழைவாயில். இலங்கைத் தமிழ் நூலுலகில் எழுத்தாளரே அச்சுச் செலவை ஏற்று, வெளியீட்டு விழாவில் அதை மீட்க முயல்வதால், அட்டைப்படக் கலைஞரின் கூலியும் பெரும்பாலும் எழுத்தாளருடைய கையிருப்பைப் பொறுத்தே அமைகிறது.

இரு முறைகளும் நேருக்கு நேர் சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட நூலைச் சென்னைப் பதிப்பகம் வெளியிடுகையில், இந்தியச் சட்டப்படி எழுதிய ஒப்பந்தம் எல்லையைக் குறிப்பிடாவிட்டால், பதிப்பகத்துக்குக் கிடைப்பது இந்தியாவுக்கான உரிமை மட்டுமே. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அதே நூலைத் தனியே அச்சிட்டு விற்கும் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது; அதைப் பதிப்பகம் கேட்டால், அதற்குத் தனித் தொகை பேச அவருக்கு இடமுண்டு.