தனக்குத்தானே பின்பாட்டு

2025 பிப்ரவரி 5 அன்று சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் எட் ஷீரன் நடத்திய கச்சேரியைப் பற்றிய பேச்செல்லாம், ஏ. ஆர். ரஹ்மான் மேடையேறியதோடு நின்றுவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பெரிய மேடையில் பெரும்பாலும் ஒரே ஆள், ஒரு கிதார், காலடியில் ஒரு லூப் கருவி. கீரிப்பாறையில் இருந்துகொண்டு ஒளிப்பதிவில்தான் பார்த்தேன். நேரில் கேட்டவர்கள் அந்த அளவுக்கு என் பேச்சைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

கருவியின் காரியம் எளிது. கிதாரின் மரப்பெட்டியைக் கையால் தட்டுகிறார். காலால் விசையை மிதித்ததும் அந்தத் தட்டல் பதிவாகி விடாமல் சுற்றுகிறது. அதன்மேல் கீழ்ஸ்தாயியில் ஒரு வரிசை, அதன்மேல் தந்திகளின் மீட்டல், பிறகு அவர் குரலே இரண்டாக, மூன்றாக. இந்த ஆசை பழையது. 1941இல் சிட்னி பெஷே ஆறு வாத்தியங்களைத் தானே வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். 1970களின் முடிவில் ராபர்ட் ஃப்ரிப் இரண்டு டேப் ரிகார்டர்களை இணைத்து மேடையிலேயே தன் கிதாரைத் தனக்குத் துணையாக்கினார். அந்த இயந்திரங்கள் இன்று காலடிப் பெட்டியாகச் சுருங்கிவிட்டன.

இது யந்திர சாமர்த்தியம், சங்கீதம் இல்லை என்று ஒதுக்குவது சுலபம். தம்புராவின் இடத்தில் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு ராக ஆலாபனை கேட்கிற நமக்கு அந்த உரிமை கிடையாது. மேலும், ஸ்டூடியோ மறைக்கிற வேலையை இவர் நம் கண்முன் செய்கிறார். முதல் தட்டலில் இம்மி பிசகினாலும், அழிக்கும்வரை அந்தப் பிசகு சுற்றிச்சுற்றி வந்து அவரைக் காட்டிக்கொடுக்கும். அப்படித் தன்னைப் பணயம் வைப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

என் தகராறு இதற்கப்பால். நாஞ்சில் நாட்டுக் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவனுக்கு, பின்பாட்டு என்பது வெறும் திருப்பிச் சொல்லல் ஆகாது. புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரியை எடுக்கிறார். பக்கத்திலிருப்பவர் 'ஆமா' போடுகிறார். அந்த 'ஆமா'வில் சம்மதம் உண்டு, கிண்டல் உண்டு, 'நீட்டாதேயும், கதைக்கு வாரும்' என்ற எச்சரிக்கையும் உண்டு. சாமியாடிக்கு அருள் வரும் நேரத்தில் குடமும் உடுக்கும் அவன் காலைப் பார்த்து வேகத்தை மாற்றுகின்றன. எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். லூப்புக்குக் காது இல்லை. முதல் சுற்றில் விழுந்த காலப்பிரமாணம் பாட்டு முழுவதையும் ஆள்கிறது. கலைஞன் தன் பழைய நிமிஷத்துக்குக் கட்டுப்பட்டவன் ஆகிறான். அடுக்குகள் ஏறுகின்றன, பேச்சு ஏறுவதில்லை.

அதனால்தான் ரஹ்மான் வந்து, 1994இல் வெளியான 'காதலன்' படத்தின் 'ஊர்வசி'யை ஷீரனின் பாட்டோடு கோத்தபோது, அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எனக்கு மேடை உயிர்பெற்றது. நட்சத்திரம் வந்ததால் இல்லை. பெட்டிக்குள் பதிவாகாத இன்னொரு மனிதன் வந்ததால். அவர் எங்கே எடுப்பார், எங்கே விடுவார் என்று ஷீரனும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை ஒரு பாப் பாடகரின் பிரச்னை என்று நம்மவர்கள் தள்ளிவிட முடியாது. முதல் தொகுப்பில் விழுந்த தட்டல் நான்காவது தொகுப்பிலும் அதே காலப்பிரமாணத்தில் சுற்றுகிற கவிகள் நம்மிடையே இருக்கிறார்கள். படிமத்தின்மேல் படிமமாக அடுக்கு ஏறுகிறது, குரல் ஒன்றுதான். ஷீரனாவது பாட்டு முடிந்ததும் பதிந்ததை அழித்துவிட்டு அடுத்ததை வெறும் மரப்பெட்டியிலிருந்து தொடங்குகிறார். நாம் அழிப்பதும் இல்லை, பக்கத்தில் ஒரு ஆளை உட்காரவைத்து 'ஆமா' போடச் சொல்வதும் இல்லை. போட்டாலும், கிண்டல் தொனிக்கிற 'ஆமா' என்றால் அடுத்த இதழில் அவர் பெயர் இருப்பதில்லை.