இரண்டு திருகு இல்லாத லேப்டாப்

இரண்டு மாதமாக இந்த லேப்டாப்தான். வேகம், திரை, பேட்டரி எல்லாம் கடைக்காரர் சொன்னபடியே இருக்கிறது. ஒன்றேகால் கிலோ. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டே டைப்-சி போர்ட். அதில் ஒன்று சார்ஜருக்குப் போய்விடும்.

வாசுதேவநல்லூரில் மதுரை–கொல்லம் ரோட்டோரம் எங்கள் எடைமேடை. நெல், தேங்காய், செங்கல், புளியரை வழியாகக் கேரளா போகிற எம்-சாண்ட், எது ஏறினாலும் எடை காட்டும் பெட்டியிலிருந்து ஒன்பது பின் கேபிள் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்கு எண் வரும். ஆர்எஸ்-232, 1960-இல் வகுத்த முறை. ஆமை வேகம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். 16,480 என்று ஐந்து இலக்கம் அனுப்ப இதுவே அதிகம். பழைய டெஸ்க்டாப் ஐப்பசி இடியில் போனதால்தான் லேப்டாப்புக்கு வந்தேன்.

இதில் ஒன்பது பின் போர்ட் கிடையாது. அந்தக் கேபிளை டைப்-சியில் செருக, முதலில் 350 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். செருகியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்: இந்த சிப்பை 2012-லேயே நிறுத்திவிட்டோம், விற்றவரைக் கேள் என்று. போலி சிப்பைப் பிடிக்க டிரைவரிலேயே பூட்டுப் போடுகிறார்கள். 2014-இல் இத்தகைய சிப் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாகவே போலி சிப்புகளை முடக்கியது. கிளம்பிய எதிர்ப்பில் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது. போலி செய்தவனுக்கு என்ன ஆயிற்றோ, தெரியாமல் வாங்கியவன் கையில் இருந்த கருவி செத்தது.

இரண்டாவது கன்வெர்ட்டர் 1,400 ரூபாய். எடை வந்தது. மறுநாள் வரவில்லை. இடப்பக்கம் செருகினால் போர்ட் எண் காம்-3, வலப்பக்கம் செருகினால் காம்-5. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேருக்குத் தெரிந்ததோ காம்-1 மட்டும். டிவைஸ் மேனேஜரில் அட்வான்ஸ்டு போய் எண்ணை மாற்றி வைத்தேன். ஆனால் எப்போதும் அதே போர்ட்டில்தான் செருகவேண்டும். மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வலப்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். பழைய ஒன்பது பின் சீரியல் கேபிளுக்கும், 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ கேபிளுக்கும் இரண்டு பக்கமும் திருகு இருந்தது. முடுக்கிவிட்டால் மேசையே நகர்ந்தாலும் கேபிள் கழலாது. டைப்-சி சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எடைக் கேபிளோ சுண்டுவிரல் தடிமன். அதன் கனமே கன்வெர்ட்டரைக் கீழே இழுக்கிறது. மேடையில் லோடு லாரி நிற்கும், பெட்டியில் சிவப்பு எண் மின்னும், திரையில் மட்டும் பூஜ்யம்.

“அண்ணாச்சி, சீட்டு வரல்லியா?”

பின்னால் மூன்று வண்டி ஹாரன் அடிக்கும். சிவப்பு எண்ணைப் பார்த்துக் கையால் எழுதித் தருவேன். கையெழுத்துச் சீட்டை வாங்கும் வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்ப்பார். எண்ணைக் கூட்டி எழுதினேனோ என்று அவருக்குச் சந்தேகம்.

இத்தனைக்கும் திருகு வைத்த டைப்-சிக்கு 2016-லேயே இலக்கணம் எழுதியாகிவிட்டது. தொழிற்சாலைக் கேமராக்களில் இருக்கிறது. லேப்டாப்பில் நான் பார்த்ததில்லை. ஒல்லியான உடம்பில் திருகுக்கு எங்கே இடம்?

இப்போது கன்வெர்ட்டரை மேசைக்காலோடு கேபிள் டையால் கட்டி, லேப்டாப்பையும் நகர்த்தாமல் வைத்திருக்கிறேன். டெஸ்க்டாப் மதர்போர்டுகள் பலவற்றில் இன்னும் காம் ஹெடர் உண்டு, ஒரு பட்டை வாங்கிச் செருகினால் ஒன்பது பின் வெளியே வரும், திருகோடு. தென்காசியில் ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்புக்கு 7,000 கேட்கிறார்கள். 6,000-க்கு இறங்கினால் லேப்டாப் மகளுக்கு.