சுயமொழியும் லயமொழியும்: இறையியற் கல்வி குறித்து ஒரு விமரிசனம்

சமய நிறுவனங்கள் அளிக்கும் கல்வியைத் திறனாய்வுக்கு உட்படுத்தும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. நம்பிக்கையாளர் அதனை ஆய்வுக்கு அப்பாற்பட்டதென விலக்குவர். முற்போக்காளர் ஆய்வுக்குத் தகாததென ஒதுக்குவர். எனினும், தோட்டத் தொழிலாளரின் லயங்களுக்குச் சென்று அவர்தம் பிறப்பிலும் இறப்பிலும் உடனிருந்து தமிழிற் பேசும் கற்றோர் சிலருள் கிறித்தவக் குருவும் ஒருவர். அவர் எத்தகைய தமிழிற் பயிற்றப்படுகின்றார் என்பது சமூக வினாவேயாகும்.

அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்தீஸ்து திருச்சபைகள் இணைந்து 1963இல் பிலிமத்தலாவையில் நிறுவிய இலங்கை இறையியல் கல்லூரி, சிங்களத்திலும் தமிழிலும் குருத்துவப் பயிற்சி அளிக்க முன்வந்தது. உயர் இறையியற் கல்வி பெரிதும் ஆங்கிலத்தைச் சார்ந்திருந்த நிலையில் இது துணிவான மாற்றம். 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தால் நாடு பிளவுண்ட சூழலில், இருமொழி மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து கற்க வழிசெய்தமை அதனினும் பெரிது.

ஆயின் சுயமொழி என்பது ஒருதன்மைத்தன்று. பேர்சிவல் பாதிரியார் ஆறுமுகநாவலரின் துணையுடன் ஆக்கிய வேதாகம மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சென்னையில் அஃது ஏற்கப்படவில்லை. 1871இல் பவர் முதலானோரின் திருப்பமே நிலைபெற்றது. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே நிகழ்ந்த இவ்வழக்கில் மலைநாட்டுத் தொழிலாளியின் பேச்சு ஒரு தரப்பாகவேனும் கொள்ளப்படவில்லை. 1854இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ திருநெல்வேலியிலிருந்து உபதேசியாரை வருவித்தது. தோட்டத்துரைமார் அதற்குப் பொருளுதவி புரிந்தனர். துரையின் ஆதரவில் நிகழும் போதனையிலே கூலி பற்றிய வினா எழுதல் அரிதென்பதைக் கூறவேண்டுவதில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், விடியலில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் திராட்சைத் தோட்டத்துக்காரன் ஒரே கூலி கொடுக்கின்றான். மரபுவழி விரிவுரை இதனை இறைவனின் கிருபைக்கு உருவகமாக்கி அமையும். ஆனால், குறித்த நிறையளவு கொழுந்து எடுக்கத் தவறினால் ‘அரைப்பேர்’ போடப்படுமென அஞ்சும் பெண்ணின் செவியில் அக்கதை வேறொன்றாகவே ஒலிக்கும். அங்கே எவருக்கும் அரைப்பேர் இல்லை. இப்பொருளை எந்த அகராதியும் தாராது, பெரட்டுக்களமே தரும்.

‘கடன்’ என்னும் சொல்லும் இத்தகையதே. தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ இன்றி அவன் தோட்டம் மாற இயலாதிருந்த முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. கர்த்தருடைய செபத்தில் கடன் மன்னிப்பைக் கேட்ட அக்காலத் தொழிலாளி, அச்சொல்லைப் பாவத்துக்கு மறுபெயராக மட்டுமே கொண்டிருப்பான் எனல் பொருந்தாது.

பேச்சுவழக்கை வகுப்பறைக்குள் கொணர்தல் கல்வியின் தரத்தைத் தாழ்த்தும் என்பர் சிலர். மலையக மாணவனைச் செந்தமிழினின்றும் விலக்கிவைப்பது அவனுக்கு இழைக்கும் மற்றோர் அநீதி என்பதும் உண்மையே. செந்தமிழைக் கைவிடுமாறு நாம் கோரவில்லை. லயத்தின் மொழியும் அறிவுக்கு மூலமென ஏற்குமாறே கோருகின்றோம். 1969இல் உருவான மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டாரிசையை வழிபாட்டுக்கும் தலித் இறையியலுக்கும் அடிப்படையாக்கினார். இறையியலின் தரம் அதனாற் குன்றவில்லை. காமன்கூத்தும் அருச்சுனன் தபசும் வாழும் மலையகத்தில், சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மக்கள் பாடல்கள் கைக்கெட்டும் நிலையில், இதற்கான வளம் இல்லையென எவரும் கூறவியலாது.

வளத்தை அறிதல் மட்டும் போதாது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட மக்கள் இவர்கள். 2003ஆம் ஆண்டின் சட்டமே அவ்வழக்கைச் சட்டத்தளவில் முடித்துவைத்தது. பிறர் தம்மைப் பற்றிப் பேசக் கேட்டே பழகிய இச்சமூகத்துக்கு மேலும் ஒரு பேச்சாளர் தேவையில்லை. கேட்கப் பயின்றவர் தேவை. கிரேக்கமும் எபிரேயமும் கற்று அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ செல்லும் இளங்குரு, அரைப்பேர் என்றால் என்னவென ஒரு கொழுந்தெடுப்பவளிடம் கேட்டறியத் தக்கவராக வெளிவருகின்றாரா என்பதே இறையியற் கல்விக்கு உரிய தேர்வாகும்.