உக்ரைன் வரலாற்றைத் தமிழில் எழுதுதல்: சில கலைச்சொற்கள் பற்றிய திறனாய்வு

1. முன்னுரை

உக்ரைன் மக்கள் ஒரு தனியரசாக உருப்பெற்ற வரலாறு, தமிழுக்குப் பெரும்பாலும் ருசிய மொழி வழியாகவும் ஆங்கிலத்தின் வழியாகவும் வந்து சேர்ந்ததாகும். அவ்வழிகளின் பார்வையும் சொற்களோடு கலந்தே வந்துள்ளது. இடப்பெயர்களில் இது எளிதில் புலப்படும்; பொதுச்சொற்களில் அவ்வாறு புலப்படுவதில்லை. மொழி, மக்கள், இனம், அரசு என்னும் சொற்களை வேறுபாடின்றி ஆளும்போது அவ்வரலாறே திரிபுறுகிறது என்பதனையும், அவற்றை வேறுபடுத்தும் திறன் தமிழர்தம் பட்டறிவிலேயே உள்ளது என்பதனையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

2. பெயர்கள்

மும்பையில் அணுசக்தித் துறைப் பணியாளர் வாழும் குடியிருப்பு அணுசக்தி நகர் ஆகும். 'அணுவாற்றல்' என்னும் சொல் தமிழில் வழங்கினும், அங்கு வாழும் தமிழர் தம் ஊரை 'அணுவாற்றல் நகர்' என எழுதுவதில்லை. இட்டவர் இட்ட பெயரே நிற்கிறது. 1995இல் பம்பாய், மும்பை எனப் பெயர் மாற்றம் பெற்றபோது தமிழ் உரைநடையும் அதனை ஏற்றுக்கொண்டது. இந்நெறியே உக்ரைன் ஊர்ப்பெயர்களுக்கும் பொருந்த வேண்டும்.

1986 ஏப்ரல் 26ஆம் நாள் நிகழ்ந்த அணு உலை விபத்தினால் உலகெங்கும் அறியப்பட்ட ஊரைத் தமிழ் 'செர்னோபில்' என்று எழுதியது. இது ருசிய வடிவம். உக்ரைனிய வடிவம் 'சோர்னோபில்' என்பதாகும். விபத்துச் செய்தி மறைக்கப்பட்டதனால் எழுந்த சினம், 1980களின் இறுதியில் வளர்ந்த தேசிய இயக்கத்திற்கு உரமூட்டியது. அவ்வியக்க வரலாற்றை எழுதும்போது அவ்வூரை ருசிய வடிவில் மட்டுமே வழங்குவது பொருத்தமுடையதன்று. எனினும் காலத்தையும் கருத வேண்டும். லிவிவ் நகரம் ஆஸ்திரியப் பேரரசின்கீழ் இருந்தபோது லெம்பெர்க் எனப்பட்டது. போலந்தியர் அதனை லுவூவ் என்றனர். பழைய ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் ஆவணத்தின் வடிவத்தைக் காத்தலும், தம் கூற்றாக எழுதுமிடத்து இன்றைய வடிவத்தைத் தருதலும் முறையாகும்.

3. மொழியும் கிளைமொழியும்

கொத்லியரெவ்ஸ்கியின் 'எனெயிதா' 1798இலும், ஷெவ்சென்கோவின் 'கொப்சார்' 1840இலும் வெளிவந்தன. பேச்சு வழக்கின் அடிப்படையில் அமைந்த புதிய இலக்கிய மொழிக்கு இவை அடித்தளமாயின. ருசியப் பேரரசு இதனைத் தனிமொழியாக ஏற்கவில்லை. 1863ஆம் ஆண்டின் வலுயெவ் சுற்றறிக்கை, பொதுமக்களுக்கான கல்வி நூல்களையும் சமய நூல்களையும் அம்மொழியில் அச்சிடுவதைத் தடுத்தது. 1876இல் பிறப்பிக்கப்பட்ட எம்ஸ் ஆணை மேலும் கடுமையானது. நூல்களை வெளிநாட்டிலிருந்து கொணர்வதையும் நாடகம் நடத்துவதையும் அது தடை செய்தது. மொழிபெயர்ப்புகளை அச்சிடுவதையும் தடை செய்தது. ஒரு மொழியில் பிறமொழி அறிவு பெயர்க்கப்படின் அது முழுமொழியாகிவிடும் என்னும் அச்சம் இத்தடையில் வெளிப்படுகிறது எனலாம்.

அவ்வாணை அம்மொழியைக் குறிக்க ஆண்ட சொல் 'கிளைமொழி' என்னும் பொருளுடையது. ஆணையை மொழிபெயர்ப்பவர் அச்சொல்லை மாற்றலாகாது. மாற்றின், ஆணையின் நோக்கமே மறைந்துவிடும். ஆயின் வரலாற்றாசிரியர் தம் கூற்றில் 'உக்ரைனியக் கிளைமொழி' என எழுதின், அவர் அறியாமலேயே ஆணையின் கட்சியைச் சார்ந்தவராகிறார். மேற்கோளுக்கும் கூற்றுக்கும் இடையேயுள்ள இவ்வெல்லையைக் காப்பது மொழிபெயர்ப்பாளர் கடமையாகும்.

எழுத்திலும் இப்பூசல் தொடர்ந்தது. வல்லொலிக் ககரத்தைக் குறித்த தனியெழுத்து 1933இல் உக்ரைனிய நெடுங்கணக்கிலிருந்து நீக்கப்பட்டு, 1990இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. அதனோடு இணையான மற்றோர் எழுத்து உக்ரைனியத்தில் ஹகர ஒலியையும் ருசியத்தில் ககர ஒலியையும் குறிக்கும். வரலாற்றறிஞர் ஹ்ருஷெவ்ஸ்கியின் பெயர் ருசிய வழி வரும்போது 'குருஷெவ்ஸ்கி' என மாறுவது இதனாலேயாம்.

4. மக்களும் இனமும்

1996ஆம் ஆண்டின் உக்ரைன் அரசியலமைப்பு, தன் முகவுரையில் 'நரோத்' என்னும் சொல்லை ஆள்கிறது. எல்லா இனங்களையும் சேர்ந்த குடிமக்களே அது என விளக்கமும் தருகிறது. பதினோராம் பிரிவிலோ 'நாத்ஸியா' என்னும் வேறு சொல் வருகிறது. அதனோடு பூர்வகுடி மக்களும் தேசியச் சிறுபான்மையினரும் தனியே சுட்டப்படுகின்றனர். முன்னதை 'மக்கள்' எனவும் பின்னதைத் 'தேசிய இனம்' எனவும் பெயர்த்தல் வேண்டும். இரண்டையும் 'இனம்' என்றே எழுதினால், 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 17.3 விழுக்காடாக இருந்த ருசியரும், கிரிமியத் தாத்தாரியரும், யூதரும் அம்முகவுரையிலிருந்து விலக்கப்பட்டவராவர். தமிழில் 'இனம்' என்பது வகை, குழு, குருதி உறவு ஆகிய பொருள்களை ஒருங்கே உணர்த்துவதால் இவ்விடர் மிகுதியாகிறது.

இவ்வேறுபாட்டை மும்பைத் தமிழர் வாழ்க்கையிலேயே அறிவர். 1956இல் தொடங்கப்பெற்ற சம்யுக்த மகாராட்டிர சமிதியின் போராட்டத்திற்குப்பின், 1960 மே 1ஆம் நாள் மும்பையைத் தலைநகராகக் கொண்டு மகாராட்டிர மாநிலம் அமைந்தது. மொழியே அதற்கு அடிப்படை. ஆயினும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர், அணுசக்தி நகர் ஆகிய இடங்களில் வாழும் தமிழர் மராட்டியர் ஆகார். மகாராட்டிர மக்களுள் ஒரு பகுதியினர் ஆவர். 'உக்ரைனியர்', 'உக்ரைன் மக்கள்' என்னும் சொற்களிடையே உள்ள வேறுபாடும் இத்தகையதே. இவ்வொப்புமை சொற்பொருள் அளவில் மட்டுமே நிற்பது. கூட்டாட்சிக்குள் அமைந்த மாநிலமும் இறைமையுடைய தனியரசும் ஒன்றாகா.

5. அரசு குறித்த சொற்கள்

1917 நவம்பரில் மத்திய ராதா அறிவித்தது ருசியக் கூட்டாட்சிக்குள் அமையும் குடியரசு. 1918 சனவரியில் அறிவித்தது தனியரசு. 1990 சூலை 16ஆம் நாளைய அறிவிப்பு இறைமை பற்றியது. 1991 ஆகஸ்டு 24ஆம் நாளையது விடுதலை பற்றியது. இவ்விரு கட்டங்களையும் 'சுதந்திரம்' என்னும் ஒரே சொல்லால் குறித்தால், படிப்படியாக நிகழ்ந்த வளர்ச்சி மறைந்துவிடும். 1991 திசம்பர் 1ஆம் நாள் நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் 90 விழுக்காட்டினர்க்கு மேல் விடுதலையை ஏற்றனர். கிரிமியாவில் 54 விழுக்காட்டினர் ஏற்றனர். இது ஒரு தேசிய இனத்தின் முடிவு மட்டுமன்று, மக்களின் முடிவு என்பது இங்குக் கருதத்தக்கது.

6. முடிவுரை

2021 சூலையில் ருசியக் குடியரசுத் தலைவர் தாம் வெளியிட்ட கட்டுரையில் ருசியரும் உக்ரைனியரும் 'ஒரே மக்கள்' என வாதிட்டார். 2022 பிப்ரவரி 24ஆம் நாள் ருசியப் படைகள் முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கின. மக்கள், இனம் என்னும் சொற்கள் அகராதிக்குள் அடங்கி நிற்பன அல்ல என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. மொழிப்பற்றின் காரணமாகத் தமிழ் எழுத்தாளர் உக்ரைன் வரலாற்றில் தம் வரலாற்றையே காண விழைவது இயல்பு. ஆயின் மூலத்தில் இரு சொற்கள் இருக்குமிடத்துத் தமிழிலும் இரு சொற்களை ஆளும் நேர்மையே அம்மக்களுக்குத் தமிழ் செய்யத்தக்க முதல் உதவியாகும்.