ஒரு தையற்காரரின் சாட்சியம்

1967ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இலண்டன் மாநகரின் ஹாம்ஸ்டெட் வெளியிலே ஒரு மனிதர் தம்மைத் தாமே எரித்துக்கொண்டு மாண்டார். அவர் யாரென்று அறிய ஏறக்குறைய ஓராண்டு சென்றது. எரியாது எஞ்சிய தபாலட்டைத் துண்டொன்றில் 'ஸ்கெஃபிங்டன்', 'டப்ளின்' என்னும் இரு சொற்கள் இருந்தன. அவற்றைக் கொண்டே மாண்டவர் பீற்றர் டிரெல் என்னும் ஐரிஷ் தையற்காரர் என்பது துலங்கிற்று. அவர் எழுதிய சுயசரிதை 'பவுண்டட் ஒன் பியர்' என்னும் பெயருடன், அவர் மறைந்து 39 ஆண்டுகளின் பின்னர், 2006இல் நூலாயிற்று. அச்சத்தின் மீது எழுப்பப்பட்டது என்பது அப்பெயரின் பொருள்.

டிரெல் 1916இல் கோல்வே மாவட்டத்து வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர். 1924இல், எட்டு வயதில், வறுமையே குற்றமாகக் கொள்ளப்பட்டு, சகோதரர்களுடன் லெற்றர்பிராக் கைத்தொழிற் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். அயர்லாந்தின் மேற்குக் கரையோரமாய், கொனமாராவின் மலையும் சதுப்பும் சூழ்ந்த ஒதுக்கிடம் அது. நடத்தியவர்கள் கிறிஸ்தவ சகோதரர் சபையினர். பிள்ளைகளின் தலைக்கு இவ்வளவு என்று அரசும் உள்ளூராட்சி மன்றமும் பணம் கொடுத்தன. பிள்ளைகள் குறைந்தால் வருவாயும் குறையும். இந்த ஏற்பாட்டைக் காணாது, சில கொடியவர்களின் மனக்கோணலை மட்டும் பேசுவோர் உண்மையின் பாதியையே காண்பர். ஏழையின் பிள்ளை அங்கே கணக்கேட்டின் ஒரு வரி.

நூலின் நடை எளியது. அடித்தவர் யார், எவ்விடத்தில், எதற்காக என்று, தையல்களை எண்ணுபவர் போல டிரெல் எழுதிச் செல்கிறார். ஒரே வகைச் செய்தி மீண்டும் மீண்டும் வருகின்றது. இதனைக் குறையென்று கொள்வாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. 1932 வரை, எட்டு ஆண்டுகள், ஒவ்வொரு நாளும் முந்திய நாளைப் போன்றே கழிந்த சிறுவனின் கதையை வேறெவ்வாறு எழுதுவது? அன்பாக நடந்துகொண்ட சகோதரர்களையும் அவர் மறவாது குறிக்கிறார். இந்நேர்மையே ஏனையவற்றையும் நம்பச் செய்கின்றது. இராணுவ வாழ்க்கையைக் கூறும் அதிகாரங்கள் அத்துணைச் செறிவுடையன அல்ல. எனினும் ஓரிடம் மறக்கற்பாலதன்று. 1945இல் ஜெர்மனியரிடம் போர்க்கைதியாயிருந்த காலத்தை லெற்றர்பிராக்குடன் ஒப்பிட்டு, கைதிமுகாமே மேலென்கிறார். மிகைக் கூற்றன்று, இரண்டையும் உள்ளிருந்து கண்டவரின் அளவீடு.

தமது இளம்பருவத்தைப் பார்க்கும் முறையிலேதான் டிரெல் பிற சுயசரிதையாளரினின்றும் வேறுபடுகிறார். அச்சிறுவன் வீரனல்லன்; பெரியவராகிய எழுத்தாளர் அவனைத் தழுவி அழுவதுமில்லை. அடி எத்திசையிலிருந்து வருமோ என்று பார்த்தபடியே வாழ்பவனை அவ்வாறே நிறுத்துகிறார். அவன் தம்முள் இன்னும் இருப்பதையும் மறைக்கவில்லை.

இந்நூலை மூடியதும் எமக்கு எமது ஆசிரியத் தொழிலின் முதலாண்டுகளே நினைவுக்கு வந்தன. மாலையில் வாசிகசாலையிலே வர்க்க ஒடுக்குமுறை பற்றி உரையாற்றுவோம். காலையில் பிந்தி வந்த பையனைப் பிரம்பால் அடிப்போம். அவன் ஏன் பிந்தினான் என்று ஒருபோதும் கேட்டோமில்லை. 'அடியாத மாடு படியாது' என்று ஆசிரியர் அறையிலே சிரித்துக்கொண்டு சொல்வோம். அப்பையன் எமது முகத்தைப் பார்ப்பதில்லை, கையையே பார்ப்பான். இதனை லெற்றர்பிராக்குடன் ஒன்றெனக் கூறுவது அங்கு வதைபட்டோருக்கு இழைக்கும் அநீதியாகும். ஆயினும் 'காலம் அப்படி' என்று அவ்விளைஞனை மன்னித்துவிடவும் எம்மால் இயலவில்லை. அதே காலத்தில்தானே டப்ளினில் ஒருவர் பிரம்புக்கு எதிராகப் போராடிக்கொண்டிருந்தார்.

அவர்தாம் தபாலட்டைத் துண்டிலே பெயர் எஞ்சிய ஓவென் ஷீஹி-ஸ்கெஃபிங்டன். பல்கலைக்கழக ஆசிரியர், செனற்றர். டிரெலை எழுதத் தூண்டியவரும் அவரே. 1950களின் பிற்பகுதியில் டிரெல் தமது வரலாற்றை எழுதி அவருக்கே அனுப்பினார். 1970இல் செனற்றர் காலமாகும்வரை அது அச்சேறவில்லை. பின்னர் அவரது தாள்களுடன் அயர்லாந்தின் தேசிய நூலகத்திற் கிடந்து, வரலாற்றாசிரியர் டியர்முயிட் வீலனாற் கண்டெடுக்கப்பட்டது. முற்போக்காளர் ஒருவரின் கைக்கு வந்து சேர்ந்த பின்னரும் இவ்வாறு நேர்ந்தது. அன்றைய அயர்லாந்தில் இதனை அச்சிடத் துணிவார் அரியர் என்பது மெய்யே. செனற்றரைக் குற்றஞ்சாட்ட நாம் முற்படவில்லை. ஆனால் இவ்விடத்தை விரைந்து கடந்துபோகவும் எமக்கு மனம் வரவில்லை.

1999இல் மேரி ராஃப்டெரியின் தொலைக்காட்சி ஆவணப்படம் நாட்டை உலுக்கியது. பிரதமர் மன்னிப்புக் கோரினார். விசாரணை ஆணைக்குழு 2009இல் ஐந்து தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டது. அடியும் பாலியல் வதையும் பாடசாலைக்குப் பாடசாலை முறையாகவே நிகழ்ந்தன என்று அது கண்டது. அக்காலத்தில் எவருக்கும் தெரியாது என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. டிரெலோ அதற்கு ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்திருந்தார். மேலும், சபை தொடுத்த வழக்கின் விளைவாக அவ்வறிக்கை குற்றமிழைத்தோருக்கு மாற்றுப் பெயர்களையே இட்டது.

டிரெல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லியே எழுதினார். பிந்தி வந்த அப்பையனின் பெயர் எமக்கு இப்போது நினைவிலில்லை.