கணுவும் கதிரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் சாலையோரப் புல்லை யாரும் நின்று பார்ப்பதில்லை. வடகிழக்கு மழை ஓய்ந்தபின் பார்த்தால் வடிகாலும் கரையும் ஒரே பச்சையாகக் கிடக்கும். அந்தப் பச்சைக்குள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இரண்டு புற்கள் கலந்திருக்கின்றன: கினியாப்புல், நீர்ப்புல். மாட்டுத்தீவனமாக வளர்க்கப்பட்டு, வயலைத் தாண்டி வெளியேறியவை. இவற்றைப் பிரித்தறிவதில் இருக்கும் இன்பம் பெரிது.

கினியா தூர் கட்டி நிமிர்ந்து நிற்கும். மேடும் மரநிழலும் அதற்குப் பிடிக்கும். நீர்ப்புல் சேற்றில் படுத்து ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, நுனியை மட்டும் தூக்கும். கரைச்சரிவில் இரண்டும் பின்னிக்கொள்ளும் இடத்தில் இந்தத் தோரணையை நம்ப முடியாது. அங்கே கணுவைத் தொட வேண்டும். நீர்ப்புல்லின் கணுவில் மென்முடி அடர்ந்திருப்பதை விரலே சொல்லிவிடும். ஆனால் கினியாவிலும் சில தூர்களில் கணுமுடி உண்டு. ஆகவே கதிரையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கதிரில்தான் உண்மையான அழகு. கினியாவின் கதிர் காற்றோட்டமாக விரியும். அடிக்கிளைகள் ஒரே இடத்திலிருந்து வட்டமாகப் பிரியும். நீர்ப்புல்லில் கிளைகள் தனித்தனியே ஏறும். ஒவ்வொன்றிலும் சிறுகதிர்கள் ஒரு பக்கமாக நெருங்கி அமர்ந்திருக்கும். இனி லென்ஸை எடுங்கள். கினியாவின் சிறுகதிர் 3 மில்லிமீட்டர் அளவுதான். வெளிச்செதில்களை நகத்தால் உரித்தால், உள்ளே கெட்டியான செதிலில் குறுக்குச் சுருக்கங்கள் வரிவரியாகத் தெரியும், கடல் பின்வாங்கிய மணலைப் போல. நீர்ப்புல்லில் அவை இவ்வளவு எழும்பித் தெரியா. தாவரவியலாளர்களில் ஒரு சாரார் இரண்டையும் யூரோக்ளோவா என்ற ஒரே பேரினத்தில் வைக்கிறார்கள். நெருங்கிய உறவுகளுக்குள் வேற்றுமை தேடுவதால்தான் இந்த வேலை ருசிக்கிறது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேறிய புரோமஸ் புற்களைப் பிரிப்பவர்கள் சிறுகதிரின் செதிலிலிருந்து முடிபோல் நீளும் கூரிழையை அளக்கிறார்கள். புரோமஸ் டெக்டோரத்தில் அது ஒன்றரை சென்டிமீட்டர் அளவு. டயாண்ட்ரஸில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. நம் இரண்டு புற்களுக்கும் கூரிழையே இல்லை. நமக்குக் கணுவும் சுருக்கமும்தான் துணை. கா. ரங்காச்சாரியார் 1921இல் வெளியிட்ட தென்னிந்தியப் புற்கள் கையேட்டில் சிறுகதிரைச் செதில் செதிலாகப் பிரித்து வரைந்திருக்கும் படங்களைப் பார்த்துப் பழகினால் கண் வேகமாகத் தேறும்.

பரவும் விதமும் வேறு. கினியாவின் விதைக்குள் இருக்கும் கரு பெரும்பாலும் கருவுறுதல் இன்றியே உருவாகிறது; பிள்ளைத்தூர் தாய்த்தூரின் அச்சு. நீர்ப்புல் விதையை அதிகம் நம்புவதில்லை. பொக்லைன் வடிகாலைத் தூர்வாரினால், அறுந்து விழும் தண்டுகளே அங்கங்கே வேர்பிடித்துவிடும்.

கினியாக் கதிர் நுனியிலிருந்து முற்றி உடனே உதிரும். அதனால் பாதி விரிந்த கதிராகப் பார்த்துப் பறியுங்கள். முற்றியதில் வெறும் காம்புகளே மிஞ்சும்.